தேதி கேட்கிற வேலை

கிராம சுகாதாரச் செவிலியரின் வேலையில் ஊசிக்கும் மாத்திரைக்கும் முன்னால் வருவது ஒரு கேள்வி. "கடைசியா எப்பத் தாயி தலைக்குக் குளிச்சே?" நிலக்கோட்டை, வத்தலக்குண்டு பக்கத்துக் கிராமங்களில் ஓய்வு பெறும்வரை இதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கர்ப்பமா என்று பார்க்க வந்தவளிடம் கேட்டேன். காப்பர்-டி போட வந்தவளிடமும், ரத்தமில்லாமல் வெளுத்து நின்றவளிடமும், பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த அப்பத்தாவிடமும் கேட்டேன். பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு, எல்.எம்.பி. (கடைசி மாதவிலக்கு) என்று தலைப்புப் போட்டிருக்கும். அந்தக் கட்டத்தில் ஒரு தேதியை எழுதி முடிப்பதற்குள் அந்தப் பெண்ணின் உடம்பைப் பற்றிப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

தேதி கேட்டால் யாரும் தேதி சொல்ல மாட்டார்கள். "போன அமாவாசைக்கு ரெண்டு நா முன்ன", "ஆடிப்பெருக்குக்கு மறுநாளு", "எங்க நாத்தனா மக சடங்கு அன்னிக்கு" என்றுதான் பதில் வரும். அவள் போக முடியாத கோயிலும் தொட முடியாத பொங்கல் பானையும்தான் அந்த நாளுக்கு அடையாளம். எல்லாரும் சாமி பார்க்கப் போயிருக்க, தான் மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருந்த நாளை எந்தப் பெண்ணும் மறப்பதில்லை. அந்த ஒதுக்கல் எனக்கு ஒருநாளும் சம்மதமில்லை. ஆனாலும் பலருக்குத் தேதி மனதில் நின்றது அதனால்தான். என் பையில் பி.பி. கருவியோடு திதியும் தமிழ் மாதமும் போட்ட காலண்டர் ஒன்று எப்போதும் இருக்கும். அமாவாசையை இங்கிலீஷ் தேதியாக மாற்ற அது இல்லாமல் முடியாது.

இன்னொரு நுணுக்கம் உண்டு. தலைக்குக் குளித்தது வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமையை எழுதக் கூடாது. மருத்துவக் கணக்கில் முதல் நாள் என்பது உதிரம் பட்ட முதல் நாள். சில வீடுகளில் மூன்றாம் நாள் குளிப்பார்கள், சில வீடுகளில் ஐந்தாம் நாள். எத்தனையாவது நாள் குளிப்பாள் என்று கேட்டுக் கழிக்க வேண்டும். லேசாகக் கறை பட்ட நாளைச் சொல்கிறாளா, துணி வைக்கும் அளவுக்குப் பட்ட நாளைச் சொல்கிறாளா என்பதையும் கேட்பேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுத்தது இந்தக் கழித்தலைத்தான்.

எழுதப் படிக்கத் தெரிந்த வீடுகளில் நகைக்கடைக் காலண்டர் தொங்கும். பால் கணக்கு, சிலிண்டர் வந்த நாள், குழு வட்டி கட்டிய நாள் எல்லாம் அதில் இருக்கும். அவற்றுக்கு நடுவே ஒரு மூலையில் யார் கண்ணிலும் படாத சின்னப் புள்ளி. அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் ஒரு பெண்ணின் சுற்று எத்தனை நாள் என்று பார்ப்பேன். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு முந்தின நாள்வரை எண்ணினால் அது ஒரு சுற்று.

அப்படி எண்ண ஆரம்பித்ததும் தெரிந்துகொண்டது, 28 நாள் என்று புத்தகத்தில் படித்த கணக்கு ஊருக்குள் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது என்பது. 25 நாளில் வருபவள் இருக்கிறாள், 35 நாளில் வருபவள் இருக்கிறாள். ஒரே பெண்ணுக்கே இந்த மாதம் 27, அடுத்த மாதம் 32 என்று வரும். அக்காவுக்கு ஒரு கணக்கு, தங்கைக்கு ஒரு கணக்கு. இவர்கள் யாருக்கும் நோய் எதுவும் இல்லை.

"மாசத்துல ரெண்டு தடவ வருது நர்சம்மா" என்று பதறிக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். காலண்டரை விரித்துப் பார்த்தால் 2ஆம் தேதியும் 30ஆம் தேதியும் புள்ளி இருக்கும். நடுவில் 28 நாள், துல்லியமான சுற்று. மாதத்துக்கு 30, 31 நாள் என்பதால் 28 நாள் சுற்றுக்காரிக்கு ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்று நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். வருஷத்தில் ஒரு தடவையாவது ஒரே மாதத்தில் இரண்டு முறை வந்துதான் தீரும். போன மாதத் தேதியோடு இந்த மாதத் தேதியை ஒப்பிடும் பழக்கத்தை விட்டு நாளை எண்ணச் சொல்லிக் கொடுத்தாலே பாதிப் பயம் போய்விடும்.

சுற்றின் நீளம் ஏன் மாறுகிறது என்பதை ஊர்ப் பெண்களுக்குச் சொல்ல எனக்கு உதவியது ஜப்பானிய மருத்துவர் ஓகினோவும் ஆஸ்திரிய மருத்துவர் க்னாவுஸும் 1920களில் தனித்தனியாகக் கண்டுசொன்ன உண்மை. சுற்று இரண்டு பாதியாக நடக்கிறது. முதல் பாதியில் சினைப்பையில் ஒரு முட்டை வளர்கிறது, கர்ப்பப்பையின் உள்சவ்வு தடிக்கிறது. முட்டை வெளிவந்த பிறகு இரண்டாம் பாதி. கரு தங்கவில்லை என்றால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் சவ்வு உதிர்ந்து உதிரமாக வருகிறது. இந்த இரண்டாம் பாதி பெரிதாக மாறுவதில்லை. நீளுவதும் சுருங்குவதும் பெரும்பாலும் முதல் பாதிதான். ஆகவே கர்ப்பம் இல்லாமல் நாள் தள்ளிப்போனால், பெரும்பாலும் அந்த மாதம் முட்டை தாமதமாக வந்திருக்கிறது என்று பொருள். டைபாய்டு காய்ச்சல், பிளஸ் டூ பரீட்சை, வீட்டில் ஒரு சாவு, சோறு குறைத்து உடம்பு இளைத்தது, மில்லில் ராத்திரி ஷிப்ட் என்று இவற்றில் எதுவும் முட்டையைத் தாமதிக்க வைக்கும். அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும்.

எங்கள் பக்கம் மல்லிகை அதிகம். விடியுமுன்னே பூ பறிக்கப் போகிற பெண்களிடம் செடியை வைத்தே சொல்வேன். பங்குனி, சித்திரையில் பூ கொட்டும், மார்கழிப் பனியில் செடிக்கு நாலு மொட்டுகூடக் காணாது, அதற்காகச் செடி பட்டுப்போய்விட்டது என்று யாரும் பிடுங்கிப் போடுவதில்லை என்பேன். "அதுஞ் சரிதான்" என்று தலையாட்டுவார்கள்.

நடுச் சுற்றில் கோழி முட்டையின் வெள்ளைக் கரு மாதிரி வழுவழுப்பாகப் படுவதும் இயல்புதான், முட்டை வெளிவரும் நேரத்துக்கு அது அடையாளம். வெள்ளைப்படுதல் என்று பயந்து எலும்புருக்கி வந்துவிட்டதாக அழுதவர்களை எனக்குத் தெரியும். தயிர் மாதிரி திரிதிரியாகப் பட்டு அரித்தாலோ, மஞ்சளாகவோ பச்சையாகவோ நாற்றத்தோடு வந்தாலோ அது தொற்று, வைத்தியம் வேண்டும். நிறமும் வாடையும் இல்லாத வழுவழுப்புக்கு எந்த மருந்தும் வேண்டாம்.

பிரசவத் தேதி போடுவதில் இந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பெண்ணைச் சொல்ல வேண்டும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 280 நாள் கூட்டிப் பிரசவத் தேதி போடுவது உலகம் முழுக்க இருக்கும் பழக்கம். ஏழு நாள் கூட்டி மூன்று மாதம் பின்னால் போனால் வந்துவிடும். ஆனால் இந்த வாய்ப்பாடு 28 நாள் சுற்றை நம்பி நிற்பது. நான் சொல்லும் பெண் பூப் பறிக்கிறவள், கல்யாணத்துக்கு முன்பிருந்தே 40 நாளுக்கு ஒருமுறைதான் வரும். முதல் வருகையிலேயே எல்.எம்.பி. கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் "40 நாள் சுற்று" என்று எழுதிவைத்தேன். வாய்ப்பாட்டுத் தேதி வந்தது, வலி வரவில்லை. மாமியார் வீட்டில் கலவரம். "தேதி தாண்டிருச்சு, பிள்ள உள்ளயே தண்ணி குடிச்சிரும்" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு. அட்டையை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவிடம் போனோம். மூன்றாம் மாதத்து ஸ்கேனும் குழந்தை 12 நாள் இளையது என்றே சொல்லியிருந்தது. பென்சில் குறிப்பையும் ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்துத் தேதியைத் திருத்தினார். நாள் தவறாமல் குழந்தைத் துடிப்பைப் பார்த்துக்கொண்டோம். திருத்திய தேதியை ஒட்டி வலி வந்தது, சுகப்பிரசவம். அதற்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் செவிலியர்கள் தேதிக்குப் பக்கத்தில் சுற்றின் நாளையும் எழுதத் தொடங்கினார்கள்.

எது இயல்பு, எது இல்லை என்பதற்கு உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2018இல் வகுத்த எல்லை இருக்கிறது. வளர்ந்த பெண்ணுக்கு 24 முதல் 38 நாளுக்குள் ஒரு சுற்று வரலாம். உதிரம் எட்டு நாள்வரை படலாம். ஒருத்திக்கே மிகச் சிறிய சுற்றுக்கும் மிகப் பெரிய சுற்றுக்கும் ஒரு வாரம், ஒன்பது நாள்வரை வித்தியாசம் இருக்கலாம். இந்த எண்களைப் பார்த்தபோது எனக்கு மிகவும் சந்தோஷம். ஊரில் காலண்டர் புள்ளிகளை எண்ணி நான் கண்டதையே அவர்களும் சொல்லியிருந்தார்கள்.

வயதைச் சேர்க்காமல் இந்த எல்லையைப் படிக்கக் கூடாது. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆலன் ட்ரெலோர் என்பவர் 1934இல் மாணவிகளிடம் அட்டை கொடுத்துத் தேதி குறிக்கச் சொன்னார். அவர்கள் வருஷக்கணக்காகக் குறித்துக்கொண்டே இருந்தார்கள். 1967இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் தெரிந்தது இது: வயதுக்கு வந்த முதல் சில வருஷமும் நிற்பதற்கு முந்தின சில வருஷமும்தான் சுற்று மிக அதிகமாக ஆடும், இடைப்பட்ட வயதில்தான் நிதானப்படும். என்னிடம் பயந்து வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டு ஓரங்களில் நின்றவர்கள்.

முதல் ஓரத்தில் நின்ற ஒரு பிள்ளை. எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். ஜூன் மாதம் அவள் அம்மா சப் சென்டர் வாசலில் நின்றுகொண்டே அழுதாள்.

"நர்சம்மா, இவளுக்கு நீர்க்கட்டியாம். நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போனா பிள்ள பெறக்காதாம்ல?"

"யாரு சொன்னா?"

"ஸ்கேன் எடுத்த எடத்துல எழுதிக் குடுத்துருக்காக. மாத்திர ஆரம்பிக்கணுமாம்."

பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, "எப்பக் கண்ணு ஆளானே?" என்று கேட்டேன். "முந்துன வருசம், தீவாளிக்கு முந்தி" என்றாள். ஒன்றரை வருஷம் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். காலண்டரை மடித்துக் கையோடு கொண்டுவந்திருந்தாள். நல்ல பிள்ளை, ஒரு மாதம்கூட விடாமல் குறித்திருந்தாள். ஜனவரி 4, பிப்ரவரி 17, மார்ச் 20, மே 2, மே 30. அவள் விரலைப் பிடித்துக் கட்டம் கட்டமாக வைத்து எண்ண வைத்தேன். 44. 31. 43. 28.

"ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே மாட்டேங்குதே" என்றாள் அம்மா.

"இந்த வயசுல 21லேர்ந்து 45 நாளுக்குள்ள எப்ப வந்தாலும் சரிதான். நாலும் அதுக்குள்ளதான நிக்கிது, பாரு."

அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. காரணத்தையும் சொன்னேன். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியும் சினைப்பையும் ஒன்றுக்கொன்று பேசிப் பழகுவதற்கு இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும். அதுவரை பல மாதங்களில் முட்டை முழுசாக வளர்ந்து வெளிவராது. முட்டை வராத மாதத்தில் சவ்வை நிறுத்திவைக்கிற புரோஜெஸ்ட்ரான் ஹார்மோன் இருக்காது. அதனால் உதிர்வதற்கு ஒரு கணக்கும் இருக்காது. பாதி வளர்ந்த முட்டைப் பைகள் ஸ்கேனில் கொத்துக் கொத்தாகத் தெரியும். இந்த வயதுப் பிள்ளைகள் பலருக்கு அது இருக்கத்தான் செய்யும். வயதுக்கு வந்து எட்டு வருஷம் ஆகும்வரை ஸ்கேனை வைத்து நீர்க்கட்டி நோய் என்று முடிவு செய்யக் கூடாது என்று 2018ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது. அப்படியிருந்தும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து ஒரு குடும்பத்தை அழவிடுகிறார்களே என்று அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

கோபத்தோடு விட்டுவிடாமல் பார்க்க வேண்டியதையும் பார்த்தேன். தாடையில் முடி வளர்கிறதா, முகப்பரு கட்டுக்கடங்காமல் இருக்கிறதா, பிடரியில் வெல்வெட் மாதிரி கறுப்பு விழுந்திருக்கிறதா, திடீரென்று எடை ஏறியதா என்று பார்த்தேன். எதுவும் இல்லை. தைராய்டுக்கு ரத்தம் எடுத்தோம், சரியாக இருந்தது. எந்த வயதிலும் ஒரு சுற்று 90 நாளைத் தாண்டினால் உடனே வர வேண்டும் என்றும், புள்ளி வைப்பதை விடக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினேன். பிளஸ் ஒன் போகும்போது 30, 33 என்று அவளாகவே நிலைப்பட்டுவிட்டாள். உண்மையிலேயே நீர்க்கட்டி நோய் இருக்கிற பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு எடையைக் கவனிப்பதும் நடப்பதும் டாக்டர் சொல்லும் மருந்தும் நன்றாகவே உதவும். பிள்ளை பிறக்காது என்பது அவர்கள் விஷயத்திலும் பொய்தான்.

15 வயது முடிந்தும் ஆளாகாத பிள்ளையை வீட்டில் மறைத்து வைப்பார்கள். அது தப்பு, கட்டாயம் காட்ட வேண்டும். மாதாமாதம் அடிவயிறு வலிக்கிறது, உதிரம் மட்டும் வரவில்லை என்று ஒரு பிள்ளை வந்தாள். கன்னித்திரை முழுக்க மூடியிருந்தது. சின்ன அறுவை, அன்றோடு சரியாயிற்று. முதல் தடவையிலிருந்தே நிற்காமல் பட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருக்கலாம், அதையும் பரிசோதிக்க வேண்டும்.

அரசு 2011-12இல் கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு நாப்கின் கொடுக்கத் தொடங்கியது. வருஷத்துக்கு 18 பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு. இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட் கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் வீட்டு உள்ளறைவரை போகலாம். பழைய பாக்கெட் பிரிக்காமல் இருந்தால் ஒன்று வரவில்லை, அல்லது வெட்கப்பட்டுத் துணியே வைக்கிறாள். "பத்தல அத்தை, இன்னொண்ணு தாங்க" என்று கேட்டால் அதிகம் படுகிறது. வாய் திறந்து எதையும் சொல்லாத பிள்ளைகளைப் பற்றி அந்தப் பாக்கெட்டுகளே எனக்குச் சொல்லிவிடும்.

வலியைப் பற்றித் தாய்மார்கள் கேட்பது ஒன்றே. "மொத வருசம் வலியே இல்ல, இப்ப உருளுறா, என்னமோ ஆயிருச்சு." உண்மையில் முட்டை ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகுதான் இந்த வலி வரும். சவ்வு உதிரும்போது புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள் சுரந்து கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிறது. முதல் நாள் வயிற்றால் போவதும் குமட்டுவதும் அதனால்தான். வெந்நீர் ஒத்தடம் கேட்கும். கேட்காவிட்டால் டாக்டர் எழுதித் தரும் மெஃபெனமிக் அமிலமோ இபுபுரூஃபனோ சாப்பாட்டுக்குப் பிறகு, வலி தொடங்கும்போதே போட வேண்டும். வலி உச்சிக்குப் போன பிறகு போட்டால் பலன் குறைவு. ஆனால் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகிற வலியும், தீட்டு இல்லாத நாளிலும் விடாத வலியும், பள்ளிக்கூடம் போகவிடாத வலியும் பொறுத்துக்கொள்ளும் வலி அல்ல. "பொம்பளையாப் பொறந்தா அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

நூல் மில்களுக்குப் போன பிள்ளைகள் லீவுக்கு வரும்போது பெயரில்லாத மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவார்கள். வயிற்று வலி என்று சொன்னால் சூப்பர்வைசர் கையிலேயே கொடுக்கிறாராம், விழுங்கிவிட்டு மெஷினுக்குப் போக வேண்டும். என்ன மருந்து என்று ஒருத்திக்கும் தெரியாது. சிலருக்குச் சுற்றே மாறிப்போயிருந்தது. அந்தக் காகித மடிப்புகளை மருத்துவ அலுவலரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், பிள்ளைகளிடம் அட்டையில் பெயர் பார்க்காமல் எதையும் விழுங்கக் கூடாது என்று சொன்னேன். திருவிழா வந்தால் மெடிக்கலில் தானாகவே வாங்கிப் போடும் நாள் தள்ளும் மாத்திரையும் அப்படித்தான். அதை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் உதிரம் வரும். அதற்குப் பின் ஒரு சுற்று கணக்குத் தவறலாம், பயப்பட வேண்டாம். ஆனால் ரத்தக்கட்டு வந்தவர்களும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் அதைத் தொடவே கூடாது. தனக்காக உடம்பைப் பணயம் வைக்கச் சொல்கிற சாமி எதுவும் இல்லை என்று நான் சொன்னால் சிலர் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை.

கல்யாணமான பெண்ணுக்கு நாள் தள்ளினால் எள்ளும் கருப்பட்டியும் தின்று வரவழைக்கப் பார்க்கும் முன் கர்ப்பமா என்று பார்க்க ஒரு கார்டு டெஸ்ட். இந்த வரிசையில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை. பால் கொடுக்கும் தாய்க்கு மாதக்கணக்கில் வராமலிருப்பது இயல்பு. ஆனால் குழந்தைக்கு ஆறு மாதம் தாண்டிவிட்டாலோ, வேறு ஆகாரம் கொடுக்கத் தொடங்கிவிட்டாலோ அதை நம்பியிருக்க முடியாது. முதல் உதிரத்துக்கு முன்பே முட்டை வந்துவிடலாம், உதிரம் வராமலே கரு தங்கிவிடலாம். காப்பர்-டி போட்ட முதல் சில மாதம் கூடுதலாகப் படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசியில் முதலில் திட்டுத் திட்டாகப் பட்டுப் பிறகு நின்றே போகலாம். சாயா கருத்தடை மாத்திரையில் சுற்று நீளும். இதையெல்லாம் போடும் முன்பே சொல்லிவிட்டால் யாரும் பாதியில் விடமாட்டார்கள். சொல்லாமல் விட்டதால்தான் ஊரில் காப்பர்-டிக்குக் கெட்ட பெயர்.

குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குப் பிறகு அதிகம் படுகிறது என்று சொல்லாத பெண் எங்கள் பக்கத்தில் குறைவு. அந்த ஆபரேஷனில் குழாய் மட்டும்தான் மூடப்படுகிறது. சினைப்பையும் கர்ப்பப்பையும் அப்படியே இருப்பதால் சுற்று மாற வழியில்லை. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்களை வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்விலும் அப்படித்தான் தெரிந்தது. 35க்கு மேல் கட்டி இருக்கலாம், சவ்வு தடித்திருக்கலாம். ஆபரேஷன் மேல் பழியைப் போட்டுவிட்டு அந்தக் காரணத்தைத் தேடாமல் இருப்பதுதான் ஆபத்து.

அதிகம் என்பது எவ்வளவு? ஒரு சுற்றுக்கு மொத்தமாக 30, 40 மில்லி, அதாவது இரண்டு மூன்று மேசைக் கரண்டி அளவு. 80 மில்லியைத் தாண்டினால் ரத்தசோகையில் கொண்டுபோய் விடும். வீட்டில் யாரும் அளக்கப் போவதில்லை. அதனால் நான் கேட்பது வேறு. ஒரு மணி, இரண்டு மணிக்கொருதரம் முழுசாக நனைகிறதா? ராத்திரி மாற்ற எழுந்திருக்கிறாயா? ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிய கட்டி போகிறதா? எட்டு நாள் தாண்டுகிறதா? பூப்பறிக்கப் போக முடியாமல் உட்கார்ந்துவிடுகிறாயா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் கீழ் இமையை இழுத்துப் பார்த்து ஹீமோகுளோபின் எடுப்பேன். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேர் ரத்தசோகைக்காரர்கள். "எனக்கு எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே ஏழு கிராமில் மூச்சு வாங்க நிற்பவர்களைப் பார்த்தால் வயிறு பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாவது ஓரம் 40க்கு மேல். முதலில் சுற்று சுருங்கும், 28 நாள் 24 ஆகும். பிறகு தாண்டித் தாண்டி வரும், 50 நாள், இரண்டு மாதம் என்று போகும். நடுவே ஒரு தடவை கொட்டும். கழுத்திலிருந்து அனல் கிளம்பி வேர்க்கும், நடுராத்திரி விழிப்பு வரும், காரணமில்லாமல் அழுகை வரும். "வராத ரத்தமெல்லாம் உள்ளயே தங்கி ஒடம்பு ஊதிருச்சு" என்று கேட்காத நாளில்லை. சவ்வு தடிக்காததால்தான் உதிரம் வரவில்லை, உள்ளே எதுவும் தேங்குவதில்லை. 12 மாதம் தொடர்ந்து வராமலிருந்தால் நின்றுவிட்டது என்று கணக்கு. நம் நாட்டில் பெரும்பாலும் 46, 47 வயதையொட்டி நிற்கிறது. 40க்கு முன்பே நின்றால் எலும்புக்கும் இதயத்துக்கும் கெடுதல், அதற்குத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இந்த வயதில் வரும் முன்பின் சுற்றுக்காக "எதுக்குத் தொந்தரவு, எடுத்துப் போட்ரலாம்" என்று கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்தவர்கள் பலர். 35, 38 வயதில்கூட. மருந்து இருக்கிறது, ஹார்மோன் வைத்த லூப் இருக்கிறது, காத்திருந்தாலே அடங்கிவிடுவதும் இருக்கிறது. இன்னொரு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லியிருக்கிறேன்.

இயல்பு என்ற சொல்லுக்கே இடமில்லாத ஓர் இடம் உண்டு. நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் அது இயல்பல்ல. 58 வயதில் ஆடு மேய்க்கிற ஓர் அம்மா, சர்க்கரைக்கு மாத்திரை கொடுக்க வீட்டுக்குப் போனபோது, சும்மா பேச்சுவாக்கில் சொன்னார்: "வயசு திரும்புதாட்டம் இருக்கு. போன வாரம் ரெண்டு நா பட்டுச்சு." மகள்கள் சிரித்தார்கள். நான் அப்போதே சீட்டு எழுதி, மறுநாள் காலை பஸ்ஸில் கூடவே உட்கார்ந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேனில் சவ்வு தடித்திருந்தது, துணுக்கு எடுத்து அனுப்பினார்கள். புற்றுநோய், ஆனால் கர்ப்பப்பையை விட்டு வெளியே போகவில்லை. ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள், சோதனைக்கு இப்போதும் தவறாமல் போய்வருகிறார். அன்றிலிருந்து, நின்றுபோனவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்று எங்கள் செவிலியர் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். "இடையில எப்பவாச்சும் பட்டுச்சாம்மா?" என்று கேட்க வேண்டும். கேட்டால்தான் சொல்வார்கள்.